ஜால்ரா நனைஞ்சிருக்கு

ஹெட்போனை மாட்டுவதற்கு முன் அந்த அக்கா கம்மல் இரண்டையும் கழற்றிக் கைக்குட்டையில் முடிந்து வைத்துவிடுவார். வாயில் பாக்கு இருந்தால் வெளியே போய்த் துப்பிவிட்டு வருவார். பிறகு நாற்காலியின் நுனியில், இறங்க வேண்டிய ஸ்டாப் நெருங்கிவிட்டதுபோல உட்கார்ந்து, "போடு" என்பார்.

பாட்டு ஓடும்போது அவர் முகத்தில் ரசனை என்று ஒன்றும் தெரியாது. தலை ஆடாது, விரல் தாளம் போடாது. திருடனை அடையாளம் காட்டச் சொல்லி வரிசையின் முன் நிறுத்தப்பட்ட சாட்சியைப்போலக் கேட்பார். அந்த முகம் என்ன சொல்லப்போகிறது என்பதில்தான் அப்போது என் வேலை தொங்கிக்கொண்டிருந்தது.

வாஷி ஸ்டேஷனை ஒட்டிய கட்டடம் ஒன்றில், போனில் பாட்டுக் கேட்கும் ஆப் நடத்தும் சின்ன கம்பெனி எங்களுடையது. நான் சேர்ந்து நாலு மாதம் ஆகியிருந்தது. வேலை இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. ஸ்டுடியோவிலிருந்து பாட்டு வரும்போது முழுக் கோப்பாக வரும். லாஸ்லெஸ் என்பார்கள், பதிவில் இருந்தது ஒன்றுகூட விட்டுப்போகாமல் அப்படியே இருக்கும். ஆனால் அது பெரியது. டேட்டா குறைவாகப் போட்டிருப்பவர் போனில் திக்கித் திக்கி ஓடும். அதனால் காதுக்கு எப்படியும் தெரியாது என்று கணக்குப்போட்டு, சில ஓசைகளைத் தூக்கி எறிந்து, கோப்பைச் சின்னதாக்குவார்கள். பெரிய சத்தத்துக்குப் பக்கத்தில் இருக்கும் சின்னச் சத்தம்தான் முதலில் போகும். எங்கள் கம்பெனி அதை இன்னும் சின்னதாக்கப் பார்த்தது. கேட்பவர்களுக்கு வித்தியாசம் தெரியவில்லை என்று சோதனை நடத்தி ரிப்போர்ட் எழுதும் பொறுப்பு எனக்கு.

எல்லா மொழிக்காரர்களும் வேண்டும் என்றார்கள். தமிழுக்கு, கிங்ஸ் சர்க்கிளில் நான் வழக்கமாகப் பூ வாங்கும் பெண்ணைக் கேட்டிருந்தேன். வருகிறேன் என்றவள், கடைசி நேரத்தில் தனக்கு முடியவில்லை என்று தாராவியில் தன் பக்கத்து வீட்டில் இருப்பவரை அனுப்பிவிட்டாள். வந்தவர்தான் இந்த அக்கா. நாற்பது தாண்டியிருக்கும். தோல் பை தைக்கும் பட்டறையில் செக்கிங் வேலை. தைத்து வரும் பையைப் பார்த்து, சரியில்லாததைத் தள்ளுவது.

"திரையில மூணு பட்டன் இருக்குக்கா. மொதல்ல இருக்கறது அசல். அடுத்து 'அ', 'ஆ'. இந்த ரெண்டுல ஒண்ணு அசலேதான், இன்னொண்ணு சின்னதாக்குனது. எது சின்னதாக்குனதுன்னு சொல்லணும். தெரியலைன்னா 'தெரியவில்லை'ன்னு அமுக்குங்க, தப்பே இல்ல."

"தெரிஞ்சா?"

"தெரிஞ்சா சொல்லுங்க" என்றேன், சிரித்துக்கொண்டு.

முதலில் ஒரு பஜனைப் பாட்டு. மூன்றையும் ஒருமுறை கேட்டார். "இந்த 'ஆ'வுல ஜால்ரா நனைஞ்சிருக்கு" என்றார்.

"என்னதுக்கா?"

"ஜால்ரா. மொதல்ல உள்ளதுல காஞ்சு கிடக்கு. இதுல தண்ணிக்குள்ள முக்கி அடிச்ச மாதிரி கேக்கு."

என் எதிரில் இருந்த திரையில் விடை எனக்கு மட்டும் தெரியும். 'ஆ'தான். அடுத்து ஒரு மேடை நிகழ்ச்சியின் கைதட்டல். "கையா தட்டுதாங்க? எண்ணெயில அப்பளம்லா பொரியுது" என்றார். அடுத்து உறுமியும் பம்பையும். கண்ணை மூடித் திறந்து, "அடி விழுதுக்கு முந்தியே ஒரு 'ஸ்' கேக்கு. அடிக்கப் போறவன் மூச்சு விடுத மாதிரி" என்றார். இந்தக் குறைகளுக்கெல்லாம் எங்கள் தொழிலில் தனித்தனிப் பெயர் உண்டு. அந்தப் பெயர்களைப் படித்திருந்த எனக்கு, ஹெட்போனை மாட்டிக் கேட்டால் ஒன்றும் கேட்காது.

இருபது ஜோடிகளில் பதினெட்டை அவர் சரியாகச் சொன்னார். மற்ற இரண்டில் 'தெரியவில்லை' என்று அமுக்கியிருந்தார். தவறாகச் சொன்னது ஒன்றுகூட இல்லை. அதுதான் என்னை உலுக்கியது. மற்றவர்கள் எல்லோரும் தெரியாத இடத்தில் குத்துமதிப்பாக எதையாவது அமுக்கிவிட்டுப் போனார்கள். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

"அந்த ரெண்டுலயும் சும்மா ஒண்ணைச் சொல்லியிருக்கலாமேக்கா. பாதிக்குப் பாதி சரியா இருந்திருக்கும்."

"சரியா இருந்தா? எனக்குத் தெரியாததைச் சரின்னு வச்சு நான் என்ன செய்ய?"

அவர் கையெழுத்துப் போட மறந்த தாள் ஒன்றை எடுத்துக்கொண்டு, அடுத்த வாரம் தாராவியில் காலா கில்லா பக்கம் அவருடைய பட்டறைக்குப் போனேன். இரும்பு ஏணியில் ஏறி மேலே தலையை நீட்டினால், பத்துப் பன்னிரண்டு தையல் மிஷின்கள். ஓரத்தில் ஒரு மேசை. அக்கா ஒரு பையை உள்பக்கம் வெளியே திருப்பி, தையல்மேல் கட்டைவிரலை ஓட்டிக்கொண்டிருந்தார். மேசைக்கு முன்னால் ஒருவர் கையில் மூன்று பைகளோடு நின்றார். அவர் அக்காவின் கணவர் என்பது எனக்கு அப்போது தெரியாது.

"இதுல என்ன குத்தம் கண்டுட்ட?"

"மூணாவது தையல்ல நூல் விட்டுருக்கு."

"வெளிய தெரியாதுல்லா?"

"வெளிய தெரியாதுன்னா உள்ள விட்டது கூடிருமா? பிரிச்சுத் தைங்க."

மிஷின்களில் ஒன்றிரண்டு நின்றன. யாரோ சிரித்தார்கள். "வீட்டுலயும் செக்கிங் உண்டாண்ணே?" என்று ஒரு குரல் வந்தது. அந்த மனிதர் பைகளை மேசைமேல் எறிந்தார். கத்தரிக்கோல் கீழே விழுந்து ஏணிவரை சறுக்கி வந்தது. மற்ற மிஷின்களும் நின்றன. நான் ஏணியின் நடுவில், ஏறவும் முடியாமல் இறங்கவும் முடியாமல் நின்றேன். அக்கா எழுந்து வந்து கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு போய் மேசையில் வைத்தார். அடுத்த பையை எடுத்துத் திருப்பினார்.

கையெழுத்துப் போட என்னோடு ஏணியடிக்கு வந்தபோதுதான் சொன்னார்.

"எங்க வீட்டுக்காரரு. அந்தப் பையை மொதல்ல தள்ளுனதுல இருந்து சண்டையைத் தவிர பேச்சு இல்ல, மூணு நாளா. இன்னியோட நாலு."

"வீட்டுலயுமா?"

"வீட்டுல அதுவும் இல்ல. சோத்தைப் போடுதேன், திங்காரு. பையைப் பிரிச்சுத் தைச்சாருன்னா பேசுவாரு."

"தைக்கலைன்னா?"

அவர் தாளைச் சுவரில் வைத்து ஒவ்வொரு எழுத்தாகத் தன் பெயரை எழுதினார். பெயரின் கடைசி எழுத்து கோட்டைத் தாண்டிக் கீழே போயிற்று. இவருக்கு வலிக்காது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். ஆறாம் நாள் கணவர் மூன்றையும் பிரித்துத் தைத்துக் கொண்டுவந்து வைத்தாராம். அக்கா மூன்றிலும் மறுபடி விரலை ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் எடுத்துக்கொண்டாராம். இதையும் அக்காவேதான் சொன்னார், பெருமையும் இல்லாமல் வருத்தமும் இல்லாமல்.

எங்கள் மானேஜர் ஸாருக்கு அக்காவின் விடைகள் தொண்டையில் மாட்டிய முள். ஸார் மாட்டுங்காவிலேயே பிறந்து வளர்ந்தவர், கச்சேரி தவறவிடாதவர். சோதனையை முதலில் செய்து பார்த்ததே அவர்தான். அவருக்கு ஒரு ஜோடியில்கூட வித்தியாசம் கேட்கவில்லை. அந்தத் தைரியத்தில்தான் கோப்பை இன்னும் சின்னதாக்கலாம் என்று மேலிடத்தில் ஒப்புக்கொண்டு வந்திருந்தார்.

வாரம் ஒருமுறை நடந்த சோதனையில் மூன்றாவது வாரமும் அக்காவின் விடைகள் அப்படியே வந்தபோது என்னை அறைக்குள் கூப்பிட்டார்.

"நான் சின்ன வயசுலேர்ந்து கச்சேரி கேக்கறேன். எனக்கே தெரியலை. பை செக் பண்றவாளுக்கு எப்படித் தெரியும்? நீ உள்ள எதிர்ல உக்காந்துண்டு என்ன பண்றே?"

"ஒண்ணும் பண்ணலை ஸார்."

"உன் திரையில ஆன்ஸர் இருக்கு. அவா உன்னைப் பாத்துண்டிருக்கா. நீ வேணும்னு பண்றேன்னு நான் சொல்லலை. ஆனா இது இப்படியே போனா, உன்னை கன்ஃபர்ம் பண்ணச் சொல்லி நான் எப்படி எழுதறது?"

மறுநாள் அவரே தன் லேப்டாப்போடு சோதனை அறைக்கு வந்தார். சுவரெல்லாம் பஞ்சு ஒட்டிய சின்ன அறை. என்னைச் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்கச் சொன்னார். ஐந்து ஜோடிகள், அவரே தேர்ந்தெடுத்தவை. விடை எனக்கும் தெரியாது. அக்கா என்னையும் ஸாரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கம்மலைக் கழற்றினார்.

என் முதுகுக்குப் பின்னால் பட்டன் அமுங்கும் சத்தம் மட்டும் கேட்டது. அசல். அ. ஆ. மறுபடி அசல். மறுபடி அ. இவ்வளவு நேரம் அவர் எடுத்ததே இல்லை. பஞ்சில் இருந்த துளைகளை எண்ணத் தொடங்கி, எண்ணிக்கை தப்பி, மறுபடி தொடங்கினேன்.

"இன்னொருக்கா போடுங்க ஸார்."

போட்டார்.

"ஸார், ரெண்டும் ஒண்ணுதான்."

"நன்னாக் கேளுங்கோ. ஒண்ணு சின்னதாக்கினது."

"கேட்டேன். ஒண்ணுதான்."

"நேத்திக்குக் கேட்டவா எல்லாரும் 'ஆ' மோசம்னு சொன்னாளே?"

"அவுகளுக்கு அப்படிக் கேட்டிருக்கும். எனக்கு ஒண்ணாத்தான் கேக்கு."

இரண்டாவது ஜோடிக்கும் அதையே சொன்னார். மூன்றாவதுக்கும். ஸாரின் குரல் ஏறிக்கொண்டே போயிற்று. "அப்போ உங்களுக்கு ஒண்ணுமே தெரியலைன்னு போட்டுக்கட்டுமா?" என்றார். ஏதாவது ஒன்றைச் சொல்லித் தொலையுங்கள் என்று சுவரிடம் கெஞ்சினேன்.

"தெரியலைன்னு போடாதிய ஸார். தெரியுது. ரெண்டும் ஒண்ணுன்னு தெரியுது."

நாலாவது ஜோடி ஓடத் தொடங்கிய உடனேயே, "இதுல 'அ'. பாடுதவ பல்லுக்கு நடுவுல துணி இருக்கு" என்றார். ஐந்தாவதுக்கு மறுபடியும், "ஒண்ணுதான்."

ஸார் லேப்டாப்பை மூடும் சத்தம் கேட்டுத் திரும்பினேன். நாலாவதைத் தவிர மற்ற நாலிலும் ஒரே கோப்பை இரண்டு பட்டனிலும் போட்டிருந்தார் அவர். முந்தின நாள் அதே கோப்புகளை அவர் போட்டுக் காட்டிய பதினோரு பேரில் ஒன்பது பேர், இல்லாத வித்தியாசத்தை இருப்பதாகச் சொல்லியிருந்தார்கள். நாம் ஜெயித்துவிட்டோம் என்று நினைத்து அக்காவைப் பார்த்தேன். அவர் கைக்குட்டையின் முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தார். ஸாரின் முகத்தில் தோற்ற களை இல்லை. வேறு ஏதோ ஒன்று புரிந்துவிட்டதுபோல இருந்தது.

அக்காவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு என்னிடம் சொன்னார். "நீ தப்புப் பண்ணலை, மன்னிச்சுக்கோ. ஆனா இவா சாதாரணமாப் பாட்டுக் கேக்கற மனுஷி இல்லை. நம்ம ரிப்போர்ட் சாதாரண ஜனங்களுக்கு. இவா பதிலைச் சேத்தா கணக்கு கோணும். எடுத்துடு."

அதில் நியாயமே இல்லை என்று சொல்ல முடியவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. எழுபது பேர் பெயர் இருந்த பட்டியலில் அக்காவின் வரிசைகளைத் தேர்ந்தெடுத்து அழித்தேன். 'கேட்பவர்களுக்கு வித்தியாசம் தெரியவில்லை' என்ற வாக்கியம் ரிப்போர்ட்டில் ஏறியது. அந்த மாதக் கடைசியில் என் வேலை நிரந்தரமாயிற்று.

அழித்துவிட்டு வெளியே வந்தபோது அக்கா எனக்காகக் காத்திருந்தார். நாங்கள் எப்போதும் ஒரே வண்டியில்தான் திரும்புவோம்; எனக்குச் செம்பூர், அவருக்கு அதையும் தாண்டி. பெண்கள் பெட்டியில் உட்கார இடம் இல்லை. வண்டி கழிமுகப் பாலத்தில் ஏறியபோது கம்பியைப் பிடித்துக்கொண்டே கேட்டார்.

"ஏ பிள்ள, என் பதிலையெல்லாம் என்ன பண்ணுவிய?"

"சேத்தாச்சுக்கா."

"அப்ப சரி பண்ணிருவாங்களா?"

"பாக்கறாங்கக்கா."

பக்கத்தில் நின்ற பெண்ணின் போனில் ஏதோ பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அக்கா அதைக் கொஞ்ச நேரம் கவனித்தார். என்னைப் பார்க்கவில்லை. செம்பூர் வந்ததும், வண்டி முழுக்க நிற்பதற்கு முன்பே இறங்கிவிட்டேன்.

அதன்பிறகு ஒன்றரை வருடம் அவரைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருந்தேன் என்பதுதான் சரி. பூ வாங்கக்கூட வேறு ஆளிடம் போனேன்.

பிறகு கம்பெனி லாஸ்லெஸ் பாட்டுகளையும் தனியாகக் கொடுக்கத் தொடங்கியது. அதில் ஒரு சிக்கல் வந்தது. பாட்டு அனுப்புகிறவர்களில் சிலர், ஏற்கெனவே சின்னதாக்கியதை மறுபடி பெரிய கோப்பாக மாற்றி, லாஸ்லெஸ் என்று பெயர் ஒட்டி அனுப்பினார்கள். அளவைப் பார்த்தால் பெரிதாக இருக்கும். ஆனால் உள்ளே போன ஓசை போனதுதான், திரும்ப வராது. மிஷின் சிலதைக் கண்டுபிடித்தது, சிலதை விட்டுவிட்டது. காதால் கேட்டுத் தள்ளுவதற்கு ஒரு ஆள் வேண்டும் என்றார்கள். மாதச் சம்பளத்தோடு, நிரந்தர வேலை.

நான் அக்காவின் பெயரைச் சொன்னேன். ஸார் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அவாளை விட்டா யாரு?" என்றார். "ஆனா டெஸ்ட் எல்லாருக்கும் உண்டு. இருபது ஜோடி. அது ரூல்." எனக்கு அன்றைக்குத் தூக்கம் கொள்ளவில்லை. செய்ததற்கெல்லாம் சேர்த்து ஈடு கட்டிவிடலாம் என்று நினைத்தேன்.

அக்கா வந்தார். இளைத்திருந்தார். நான் பேசும்போது முகத்தைக் கொஞ்சம் திருப்பி வலது பக்கத்தை என் பக்கம் காட்டினார். குரலும் முன்பைவிட உரக்க இருந்தது. எல்லாவற்றையும் பார்த்தேன், எதையும் மனசில் ஏற்றிக்கொள்ளவில்லை.

"எங்க வீட்டுக்காரரு கீழ நிக்காரு. ரயில்ல அறிவிப்பு சரியா வெளங்க மாட்டேங்கு. கூட வாரேன்னு வந்துட்டாரு."

"இன்னும் செக்கிங்தானாக்கா?"

"செக்கிங்தான். மேசையை மட்டும் மாத்திட்டாங்க. நான் தள்ளுத தள்ளு தாங்கலைன்னு தைக்குதவங்க எல்லாம் முதலாளிட்ட போய் நின்னுட்டாங்க. அவரு என்ன செய்வாரு? பைக்கு வளையம் அடிக்க மிஷின் இருக்கும்லா, அதுக்குப் பக்கத்துல போட்டுட்டாரு. அங்கன சண்டை போட்டாலும் யாருக்கும் கேக்காதாம்." சொல்லிவிட்டுச் சிரித்தார்.

சோதனை தொடங்கியது. முதல் ஜோடியை ஐந்து முறை கேட்டார். 'தெரியவில்லை' என்று அமுக்கினார். இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது, அப்பளம் பொரிகிறது என்று அவரே முன்பு சொன்ன கைதட்டல் பதிவு. கேட்டார். ஹெட்போனை இரண்டு கையாலும் காதோடு அழுத்திக்கொண்டு மறுபடி கேட்டார். கண் இமைக்காமல் திரையையே பார்த்தார்.

என் திரையில் விடை இருந்தது. 'அ'. அறையில் வேறு யாரும் இல்லை. மேசையின்மேல் என் வலது கையை வைத்தேன். ஆள்காட்டி விரலை மட்டும் நீட்டி, மெல்ல, அவருடைய திரையில் 'அ' பட்டன் இருந்த பக்கமாக நகர்த்தினேன். ஸார் அன்றைக்கு என்மேல் சொன்ன பழியை இப்போது நான் மெய்யாக்கினேன்.

அக்கா ஹெட்போனைக் கழற்றினார்.

"விரலை எடு, பிள்ள."

எடுத்தேன்.

"எனக்கு ரெண்டும் ஒண்ணாக் கேக்கு. மிஷின் நின்னாலும் உள்ளுக்குள்ள நிக்க மாட்டேங்கு. ராத்திரி பகல்னு இரையுது. பெரிய ஆஸ்பத்திரில காட்டினோம். போனது வராதுன்னுட்டாங்க."

"தெரிஞ்சேதான் வந்தீங்களாக்கா?"

"இங்கன ஒரு சத்தமும் இல்லல்லா. இந்த ரூமுக்குள்ள வந்து கேட்டா ஒருவேளை கேக்குமோன்னு வந்தேன்."

அதற்குமேல் என்னால் அடக்கிவைத்திருக்க முடியவில்லை. "அக்கா, அன்னைக்கு ரயில்ல உங்ககிட்டப் பொய் சொன்னேன். உங்க பதிலை நான் சேக்கலை. எடுத்துட்டேன்."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

"தப்பா இருந்துச்சா?"

"இல்லக்கா. சரியா இருந்துச்சு."

திட்டுவார் என்று காத்திருந்தேன். எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். பட்டறையில் பைகள் எறியப்பட்ட அன்று அந்த முகத்தில் பார்க்காத ஒன்று இப்போது தெரிந்தது. கீழ் உதடு ஒருமுறை நடுங்கி அடங்கியது.

"இன்னும் எத்தன இருக்கு?" என்றார்.

"வேண்டாம்க்கா. விடுங்க. நான் ஸார்கிட்டச் சொல்லிக்கறேன்."

"எத்தன இருக்குன்னு கேட்டேன்."

"இதோட சேத்துப் பதினெட்டு."

"போடு."

பதினெட்டையும் கேட்டார். எதையும் அவசரமாகத் தள்ளவில்லை. ஒவ்வொன்றையும் மூன்று முறை, நான்கு முறை, மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டுவிட்டு, 'தெரியவில்லை' என்று அமுக்கினார். நான் எதிரில் உட்கார்ந்து, கையிரண்டையும் மடிக்குள் வைத்துக்கொண்டு பார்த்திருந்தேன். கடைசி ஜோடி முடிந்ததும் ஹெட்போனின் வயரைச் சுற்றி ஒழுங்காக மேசையில் வைத்தார்.

"எல்லாம் கம்ப்யூட்டர்ல ஏறிருச்சா?"

"ஏறிருச்சுக்கா."

"இதையாவது எடுத்துராத."

நான் எடுக்கவில்லை. இருபது வரிகளும் அப்படியே ஸாரின் மேசைக்குப் போயின. அவர் இரண்டு முறை படித்துவிட்டுத் தாளைக் கோப்பில் வைத்தார். அந்த வேலை டோம்பிவிலியிலிருந்து வந்த ஒரு பெண்ணுக்குக் கிடைத்தது. நன்றாகத்தான் செய்கிறாள். தெரியாத இடத்தில் மட்டும் கொஞ்சம் குத்துமதிப்பாகச் சொல்கிறாள்.